வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது: மாத்திரையா, சிங்சேவிடம் ஊசியா?

பாடாங் செராய் மகள் எழுதியது:

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 58 வயது, செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார், இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. நேற்று புதன்கிழமை காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக வழிந்திருக்கிறது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். மதியத்துக்குள் வாய் வலப் பக்கம் இழுத்துக்கொண்டது, இடது கண் மூடவில்லை, சிரித்தால் பாதி முகம் மட்டும் சிரிக்கிறது. கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, பேச்சு மட்டும் கொஞ்சம் குழறல். தோட்டத்து டிரெஸர் (மருத்துவ உதவியாளர்) பார்த்துவிட்டு உடனே அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் நெற்றியைச் சுருக்கச் சொல்லி, கை காலைத் தூக்கச் சொல்லி, எல்லாம் பார்த்துவிட்டு இது பக்கவாதம் இல்லை, முக நரம்பு மட்டும் வேலை செய்யாமல் போகிற பெல்ஸ் பால்சி என்று சொல்லி ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்.

பிரச்சினை இப்போது வீட்டில்தான். அம்மா இதைக் "காத்து அடிச்சது" என்கிறார், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியும் அதையேதான் சொல்கிறார். கூலிமில் ஒரு சிங்சே (சீன வைத்தியர்) இருக்கிறாராம், அக்குபங்சர் ஊசி குத்தினால் இரண்டு வாரத்தில் வாய் நேராகிவிடுமாம், ஒரு தடவைக்கு 50 வெள்ளி. அந்த மாத்திரை இனிப்பை ஏற்றும் என்று யாரோ அப்பா காதில் போட்டுவிட்டார்கள், அவர் ஒன்றைக்கூட விழுங்கவில்லை. எல்லாம் அலமாரி மேலே கிடக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை, எங்கள் கெடா மாநிலத்தில் வார விடுமுறை, கிளினிக் திறக்காது. மாத்திரையை விட்டுவிட்டு நேராக ஊசிக்குப் போகலாமா? இங்கே யாருக்காவது வந்திருக்கிறதா?

ஓய்வு பெற்ற மிஸ்ஸி எழுதியது:

வேண்டாம்மா, நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், மாத்திரையை விடாதீர்கள். ஊசிக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம், அதை அப்புறம் பேசலாம். இந்த மாத்திரைக்கு ஒரு கெடு இருக்கிறது. முகம் இழுத்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். நேற்று காலை என்றால் சனிக்கிழமை காலையோடு கெடு முடிகிறது, அதில் பாதி நேரம் வீட்டுச் சண்டையிலேயே போய்விட்டது. அப்பாவை இன்று இரவு சாப்பிடச் சொல்லி, சீட்டில் எழுதியிருக்கிற அளவை அப்படியே கொடுங்கள். கிளினிக்கில் உங்கள் அப்பாவின் கார்டு இருக்கும், இனிப்பு நீர் இருப்பது தெரிந்துதான் டாக்டர் எழுதியிருப்பார். சந்தேகமாக இருந்தால் கூலிம் மருத்துவமனை அவசரப் பிரிவு வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும், போய்க் கேளுங்கள்.

இனிப்பு ஏறுமா என்றால் ஏறும், அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இது வழக்கமாகப் பத்து நாள் சமாச்சாரம். வீட்டில் குத்திப் பார்க்கிற கருவி இருந்தால் காலையும் மாலையும் பாருங்கள், கோப்பியில் பால்மாவைக் குறையுங்கள், எண் மிகவும் ஏறினால் இனிப்பு மருந்தின் அளவைக் கூட்டித் தருவார்கள். பத்து நாள் இனிப்பு ஏறுவதைச் சமாளிக்க வழி இருக்கிறது, ஆயுசுக்கும் கோணிப்போன முகத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

நெற்றியைச் சுருக்கச் சொன்னது ஏன் தெரியுமா? நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. பக்கவாதத்தில் ஒரு பக்க மூளை அடிபட்டாலும் மறு பக்கம் தாங்கிக்கொள்ளும், நெற்றி சுருங்கும், வாய் மட்டும் தொங்கும். பெல்ஸ் பால்சியில் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான பாதையில் முகத்துக்கான ஏழாவது நரம்பு வருகிறது, அது வீங்கி அந்தப் பாதையிலேயே நசுங்கிக்கொள்கிறது. அதனால் நெற்றி, கண், வாய் மூன்றும் சேர்ந்து போகும். மாத்திரை கொடுப்பது அந்த வீக்கத்தைக் குறைக்கத்தான். காற்று அடித்ததால் வருவதில்லை. வாய்ப்புண் கிருமி மாதிரி உடம்பில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிற வைரஸ் எழுந்து நரம்பை வீங்க வைக்கிறது என்றுதான் டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கொஞ்சம் கூடுதலாக வரும்.

இன்னொன்று, எல்லாரும் வாயைப் பற்றியே பேசுவார்கள், கெட்டுப்போவது கண்தான். மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வந்தால் பார்வைக்கே ஆபத்து. பகலில் சொட்டு மருந்து, இரவில் கண்ணுக்கான களிம்பு போட்டு இமையை மெல்லக் கீழே இழுத்து டேப் ஒட்டிவிடுங்கள். லாரி வேண்டவே வேண்டாம், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேளுங்கள். தோட்டத்துத் தூசியில் மோட்டாரும் வேண்டாம்.

கை கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, திடீரென்று பேச்சே வராமல் போனாலோ யோசிக்காமல் 999 அடியுங்கள்.

செம்பனைக்காரன் எழுதியது:

எனக்கு வந்திருக்கிறது தங்கச்சி. நான் லூனாஸ் பக்கம், அப்போது இரவு ஷிஃப்ட் முடித்து ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்துவிட்டு மோட்டார் ஓட்டுவேன், அதனால் எங்கள் வீட்டிலும் காத்து அடிச்சது என்றுதான் முடிவு கட்டினார்கள். மிஸ்ஸி அக்கா சொல்வது சரிதான், நான் மாத்திரையும் போட்டேன், சிங்சேவிடமும் போனேன். ஊசி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வாய் ஓரம், தாடை மடங்குகிற இடம், காது மடலுக்குப் பின்னால், புருவத்துக்கு மேலே, அப்புறம் கையில் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை. கையில் குத்தும்போது மட்டும் ஒரு கனமான வலி, தோள் வரைக்கும் ஓடுகிற மாதிரி. சிங்சே அதைத்தான் எதிர்பார்க்கிறார், அது வந்தால் தலையை ஆட்டிக்கொள்வார். ஊசி மயிர் மாதிரி மெல்லியது, டாக்டர் ஊசியை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

படுத்துக் கிடக்கிற அந்த அரை மணி நேரம் எனக்கு மனசுக்குப் பெரிய ஆறுதல். முகம் கோணினவன் வெளியே தலை காட்ட மாட்டான், ஒட்டுக்கடையில் உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிட்டால் வாயோரம் ஒழுகும், எல்லாரும் பார்ப்பார்கள். அங்கே ஒரு ஆள் உங்கள் முகத்தைத் தொட்டு, நாளுக்கு நாள் பார்த்து, இங்கே அசைகிறது பார் என்று சொல்வது இருக்கிறதே, கிளினிக்கில் அதற்கு யாருக்கு நேரம்? எனக்கு முழுசாகச் சரியானது. எதனால் சரியானது என்று என்னைக் கேட்டால் ஊசி என்றுதான் வாய் தானாகச் சொல்லும். இரண்டும் சேர்த்து எடுத்தேன், ஆகையால் சத்தியம் பண்ண முடியாது.

மாத்திரையை நிறுத்து என்று எங்கள் சிங்சே ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிற சிங்சே என்றால் 50 வெள்ளியை அங்கே கொட்டாதீர்கள்.

சுங்கை பட்டாணி பையன் எழுதியது:

எங்க பாட்டி காலத்தில் பெலுட் என்கிற விலாங்கு மீன் இரத்தத்தை முகத்தில் பூசுவார்கள், சீனர்களிடம் கற்றுக்கொண்ட வைத்தியம். வயலில் பெலுட்டும் இல்லை, பூசுகிற தைரியமும் யாருக்கும் இல்லை இப்போது.

சீரியஸாக ஒன்று: 2022இல் பாடகர் ஜஸ்டின் பீபருக்குப் பாதி முகம் அசையாமல் போய் வீடியோ போட்டாரே, அதுவும் இதே வியாதியா?

ஓய்வு பெற்ற மிஸ்ஸி எழுதியது:

அது வேறு தம்பி, ராம்சே ஹன்ட் என்று பெயர். சின்னம்மை போட்ட வைரஸ் நரம்பில் தங்கியிருந்து பல வருஷம் கழித்து எழுந்து வருவது. காதுக்குள்ளோ காது மடலிலோ சின்னச் சின்னக் கொப்புளம், கடும் வலி, சிலருக்குத் தலைசுற்றலும் காது மந்தமும் இருக்கும். அதற்கு வைரஸ் மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், குணமாவதும் பெல்ஸ் பால்சியைவிடக் கஷ்டம். நல்லவேளை கேட்டீர்கள். மகளே, அப்பாவின் காதை டார்ச் அடித்துப் பாருங்கள், கொப்புளம் இருந்தால் இன்று இரவே மருத்துவமனை.

பாடாங் செராய் மகள் எழுதியது:

காது சுத்தமாக இருக்கிறது ஆன்ட்டி, வலது காதையும் சேர்த்துப் பார்த்துவிட்டேன். இடது காதில் மட்டும் டிவி சத்தம் பெரிதாகக் கேட்கிறது என்கிறார், நாக்கில் அந்தப் பக்கம் ருசியே தெரியவில்லை என்கிறார். அதுவும் இதில் சேர்ந்ததா?

மாத்திரை போட்டுவிட்டார்! நான் சொல்லிக் கேட்கவில்லை, செம்பனைக்காரன் அண்ணே எழுதியதைத் தம்பி வாசித்துக் காட்டினான், லாரிக்காரருக்குத் தோட்டத்துக்காரர் சொன்னால்தான் ஏறும் போலிருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் இனிப்பு 8.9 mmol/L இருந்தது, எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் இப்போது புதிதாக ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். ஊசிகூட வேண்டாம், விரலால் ஒரு புள்ளியைத் தொட்டாலே போதும், ஆனால் இங்கிலீஷ் மருந்து ஒன்றும் எடுக்கக் கூடாது, எடுத்தால் உடம்பு தன்னைத் தானே குணமாக்கிக்கொள்வதைத் தடுத்துவிடும் என்கிறார் அந்த வீடியோக்காரர். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முகப் பயிற்சிக்காரர் எழுதியது:

நான் பிசியோ வேலையில் இருக்கிறேன், முகம் கோணியவர்கள் நிறையப் பேர் என்னிடம் வருவார்கள், பாதிப் பேர் சிங்சேவைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள், அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. காதும் நாக்கும் அதே நரம்பின் வேலைதான், பயப்பட வேண்டாம். காதுக்குள் இருக்கிற குட்டித் தசைக்கும் நாக்கின் முன்பக்க ருசிக்கும் அதே கம்பியிலிருந்துதான் கிளை போகிறது.

அந்த வீடியோவில் ஒரு பாதி உண்மை. உடம்பு தானாகக் குணமாகும் என்பது நிஜம்தான். கோபன்ஹேகனில் ஒரு மருத்துவர் பல வருஷம், எந்தச் சிகிச்சையும் கொடுக்காமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெல்ஸ் பால்சி நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே வந்தார். ஏறக்குறைய 85 விழுக்காட்டினருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்ப ஆரம்பித்தது, 71 விழுக்காட்டினருக்கு முகம் முழுசாகப் பழையபடி ஆனது. இதை மனதில் வைத்துக்கொண்டு சிங்சே சொல்கிற "இரண்டு வாரம்" என்பதைப் பாருங்கள். தொடுகிறவர், ஊசிக்காரர், பெலுட் இரத்தம் பூசுகிறவர், யாரிடம் போனாலும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது அசையத்தான் போகிறது. பெயர் மட்டும் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவருக்குப் போகும். மிச்சம் இருக்கிற 29 விழுக்காட்டினரைப் பற்றி வீடியோ எடுக்க யாரும் வருவதில்லை. "மருந்து எடுக்கக் கூடாது" என்று சொல்வதில்தான் எனக்குக் கோபம். தொடுவதால் கெடுதல் ஒன்றும் கிடையாது, மாத்திரையை நிறுத்தச் சொல்வதுதான் கெடுதல்.

மாத்திரைக்கு நல்ல சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 500 பேரை வைத்துச் செய்த சோதனை 2007இல் வெளிவந்தது. 72 மணி நேரத்துக்குள் ப்ரெட்னிசோலோன் தொடங்கியவர்களில் ஒன்பது மாதத்தில் 94 விழுக்காட்டினர் முழுசாகத் தேறினார்கள், எடுக்காதவர்களில் 82 விழுக்காட்டினர். அந்த வித்தியாசத்துக்குள் உங்கள் அப்பா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, அதனால்தான் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள்.

சிங்சே குத்துகிற அக்குபங்சர் ஊசிக்கு அவ்வளவு தெளிவு இல்லை. 2010இல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் குழு ஆறு சோதனைகளை, மொத்தம் 537 பேரை, அலசிவிட்டு, சோதனைகளின் தரம் போதாது, இதை வைத்து ஒரு முடிவும் சொல்ல முடியாது என்றது. பலன் இல்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அமெரிக்காவின் காது மூக்குத் தொண்டை மருத்துவர் சங்கம் 2013இல் வழிகாட்டி வெளியிட்டபோதும் ஊசிக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதே 2013இல் சீனாவிலிருந்து ஒரு சோதனை வந்தது: செம்பனைக்காரன் சொன்னாரே கையில் அந்தக் கனமான வலி, அது வருகிற மாதிரி ஊசியைத் திருகியவர்களுக்கு, சும்மா குத்தி வைத்தவர்களைவிட ஆறு மாதத்தில் முகம் நன்றாகத் தேறியிருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஊசியே குத்தாத ஒரு கூட்டத்தை அதில் வைத்துப் பார்க்கவில்லை, அப்புறம் இரண்டு கூட்டத்தாருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். சீனாவிலேயே மாத்திரையோடுதான் ஊசி. உங்கள் அம்மாவிடம் இதை மட்டும் சொன்னால் போதும்.

போவதென்றால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசியில் கரண்ட் கொடுக்கிறேன் என்பார்கள், முகத்துக்கு நான் அதை விரும்புவதில்லை. நரம்பு திரும்ப வளரும்போது கிளை மாறிப் போவதுண்டு, அப்படிப் போனால் சிரிக்கும்போது கண் தானாக மூடும், சாப்பிடும்போது கண்ணீர் வழியும். பலமாகத் தூண்டினால் இது கூடுமோ என்ற பயம் எங்கள் துறையில் இருக்கிறது. அதே காரணத்துக்காக வீட்டில் சுவிங்கம் மெல்லுவது, பலூன் ஊதுவது, கண்ணாடி முன் முழு பலத்தோடு இளிப்பது எதுவும் வேண்டாம். மெல்ல, ஒரு தசையாக, விரலால் தாங்கிக்கொண்டு. மூன்று வாரம் ஆகியும் கொஞ்சம்கூட அசைவு வரவில்லை என்றால், அல்லது மூன்று மாதத்தில் முழுசாகவில்லை என்றால், திரும்ப டாக்டரிடம் போக வேண்டும். பெல்ஸ் பால்சி மாதிரியே தெரிகிற கட்டிகளும் உண்டு, அபூர்வம்தான்.

செம்பனைக்காரன் எழுதியது:

கரண்ட் எனக்கும் வைத்தார்கள் அண்ணே, இப்போதுதான் புரிகிறது ஏன் எனக்குச் சிரித்தால் இடது கண் லேசாகச் சிமிட்டுகிறது என்று. என் மனைவி அதைக் கண்ணடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும்.

முகப் பயிற்சிக்காரர் எழுதியது:

கரண்டால்தான் என்று நான் சொல்ல வரவில்லை, வைக்காதவர்களுக்கும் வருவதுண்டு. வந்து பாருங்கள், இப்போதுகூடப் பயிற்சியில் கொஞ்சம் குறைக்கலாம்.

பாடாங் செராய் மகள் எழுதியது:

அம்மாவிடம் சொன்னேன். "சீனாக்காரனே மாத்திரை கொடுக்கிறானா?" என்று கேட்டுவிட்டு வீடியோவை நிறுத்திவிட்டார். ஆனால் ஊசியை விடுவதாக இல்லை, அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. அப்படியானால் கூலிம் சிங்சேவா, அல்லது அரசாங்க மருத்துவமனையிலேயே ஊசி வைத்தியம் உண்டு என்கிறார்களே, அதுவா?

ஓய்வு பெற்ற மிஸ்ஸி எழுதியது:

உண்டு. உங்களுக்குப் பக்கத்திலேயே கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் இருக்கிறது, நாட்டிலேயே 2007இல் முதன்முதலாக அங்கேதான் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கினார்கள். கூட்டம் பெரும்பாலும் நாள்பட்ட வலிக்காரர்களும் பக்கவாதம் வந்து தேறுகிறவர்களும். டாக்டர் சுராட் (பரிந்துரைக் கடிதம்) இல்லாமல் எடுக்க மாட்டார்கள், ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கிளினிக் திறந்ததும் டாக்டரிடம் சுராட் கேளுங்கள், இந்த நோய்க்கு இப்போது எடுப்பார்களா என்பதையும் அவரையே போன் அடித்துக் கேட்கச் சொல்லுங்கள். அது பினாங்குப் பக்கம், நமக்கு லீவாக இருக்கிற வெள்ளிக்கிழமையில் அவர்களுக்கு வேலை நாள், தேதி குறிக்கும்போது இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சிங்சேவிடமே போவதென்றால் சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பாரம்பரிய மருத்துவம் செய்கிறவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஊசி உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும், ஒரு முறை குத்தியதைத் தூக்கிப் போட வேண்டும், கொதிக்க வைத்துத் திரும்பக் குத்துகிற கடை என்றால் திரும்பி வந்துவிடுங்கள், மஞ்சள் காமாலைக் கிருமி அப்படித்தான் தொற்றும். அப்பாவுக்கு இனிப்பு நீர் இருப்பதை, இரத்தம் இளக்குகிற மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீர்கள், ஊசி குத்தும்போது மயங்கிவிடுவார்கள், இனிப்பு மருந்து எடுக்கிறவர்களுக்கு அது இன்னும் மோசம்.

வேர், பொடி, கஷாயம் என்று கையில் ஏதாவது கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மரியாதைக்கு, ஆனால் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். கண்ணுக்கு டேப் ஒட்டினீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

பாடாங் செராய் மகள் எழுதியது:

ஒட்டிவிட்டேன் ஆன்ட்டி, புருவத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டேன் போல, காலையில் பிய்க்கும்போது திட்டு வாங்குவேன். ஞாயிறு சுராட் வாங்கியதும் எழுதுகிறேன்.